நடுக்கோடு

அங்கம்மாள் மாடிப்படி ஏறி வந்த நேரத்தில் துர்காதேவி ஒரு மூலை மனைக்கு மூக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு ரோடு சந்திக்கிற இடத்தில் மனையின் கூர்மையைக் கொஞ்சம் சாய்வாக வெட்டினால்தான் வண்டி திரும்பும். வெட்டாமல் அனுப்பினால் நகர் ஊரமைப்பு ஆபீசிலிருந்து படம் திரும்பும். பன்னிரண்டு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை.

காஞ்சிபுரம் மேட்டுத் தெருவில் ஒரு ஜரிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது சிவராஜின் சர்வே ஆபீஸ். சிவராஜ் வெயிலில் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லை, புஞ்சை, தரிசு என்று அளந்து வருவார். அந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் இறக்கி, ரோடு போட்டு, மனை பிரித்து, நம்பர் கொடுத்து, சதுர அடி எழுதி, பூங்காவுக்குப் பச்சை பூசுவது துர்கா. காஞ்சிபுரத்தைச் சுற்றி அவள் பிரித்த நகர்கள் நாற்பது தேறும். அதில் முக்கால்வாசியில் அவள் கால் பட்டதே கிடையாது. ஊர் எப்படி இருக்கும் என்று கேட்டால் சர்வே நம்பரைச் சொல்லுவாள், அவ்வளவுதான் தெரியும்.

"இங்க யாரும்மா இலந்தைத்தாங்கல்ல மனை போட்டது?"

ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கிற பெண். கையில் சுருட்டிய நோட்டீஸ். வாலாஜாபாத்தில் பஸ் மாறி நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"உக்காருங்கக்கா. மனை வாங்கறதுன்னா புரமோட்டர் ஆபீசுக்குப் போகணும். இங்க படம் மட்டும்தான் போடறோம்."

"படம் போட்டவங்களத் தேடிக்கினுதான் வந்தேன். வாங்கற மூஞ்சியா இது?"

நோட்டீஸை மேசைமேல் விரித்தாள். 'பொன்மணி நகர்' என்று மேலே கொட்டை எழுத்து. கீழே கலர் கலராக நாற்பத்தாறு மனை. துர்கா போட்டதுதான். அங்கம்மாள் படத்துக்கு வெளியே இடது பக்கம், ஊர் ரோட்டுக்கு அந்தண்டை, வெறும் காகிதத்தில் விரலை வைத்து அழுத்தினாள்.

"இது எங்க ஊரு ரோடு. இது நீ போட்ட ரோடு. ரெண்டும் சேர்ற எடத்துக்கு எதிர்ல, இதோ இங்க, இன்னா இருக்குது சொல்லு."

"ஒண்ணுமில்லையேக்கா. வெள்ளையா இருக்குது."

"வெள்ளையா இருக்குதா! அங்க எங்க ஊடு இருக்குதும்மா. இருவத்தாறு வருசமா இருக்குது. அங்கதான் சோறாக்கறேன், அங்கதான் படுத்து எழுந்திரிக்கறேன். நீ பாட்டுக்கு வெள்ளைன்ற!"

துர்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். அங்கம்மாள் அண்ணாந்து அரை பாட்டிலைக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வந்த கதையைச் சொன்னாள்.

புரமோட்டர் ஆட்கள் அப்ரூவல் வருவதற்கு முன்பே கல் நட்டுவிட்டார்கள். அது எல்லாரும் செய்வதுதான். முப்பதடி ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வெள்ளைக் கல், நடுவில் சுண்ணாம்புக் கோடு. கிழக்கிலிருந்து நூல் பிடித்தாற்போல வந்த கோடு ஊர் ரோட்டில் முடிந்தது. அதற்கு நேர் எதிரில் அங்கம்மாள் வீட்டு வாசற்கால். அச்சு அசல் தெருக்குத்து.

"மூணு வாரமா எம் பொண்ணு சந்தியாவுக்கு ஒரு எடம் பேசிக்கினு இருக்கறோம். பையன் பேரு குரு, ஒரகடத்துல கம்பெனி வேலை. ஜாதகம் ஒத்துப்போச்சு. போன வெள்ளிக்கெழமை அவங்கம்மா தில்லையம்மா ஊடு பாக்க வந்தாங்க. பலகாரம் சாப்டாங்க, காப்பி குடிச்சாங்க, எல்லாம் திருப்தின்னாங்க. எழுந்திரிச்சு வாசப்படி தாண்டறாங்க, அப்படியே நின்னுட்டாங்க. 'இன்னாங்க இது, ரோடு ஊட்டுக்குள்ளவே வருது'ன்னு ஒரே வார்த்தைதான். செருப்பக்கூட நின்னு மாட்டல."

"வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

"சொன்னாத்தான் பரவால்லியே! அத்த ஒரு வழி பண்ணுங்க, அப்புறம் பேசலாம்னு போன்ல சொல்றாங்க. வாலாஜாபாத்துல வாஸ்து பாக்கறவர இட்டாந்து காட்டுனோம். நடுக்கோடு வாசக்கால்ல குத்தக்கூடாது, மூணு கஜம் தள்ளி சொவத்துல பட்டா ஒண்ணும் பண்ணாது, ஒரு புள்ளையார வெச்சிக்கினா போதும்னாரு. அவங்களும் அதுக்கு ஒத்துக்கினாங்க. மூணு கஜம்மா. ஒம்போதே அடி. நவுத்திக் குடு."

துர்கா இலந்தைத்தாங்கல் ஃபைலைத் திறந்தாள். இடது ஓரத்தில் லேயர் பட்டியல், படத்தின் அடுக்குகள் ஒவ்வொன்றாக. அதில் 'வெளி' என்று ஒரு லேயர், விளக்கு அணைந்து கிடந்தது. அணைத்தது அவள்தான். எல்லைக்கு வெளியே சிவராஜ் அளந்து வரும் வேலி, கம்பம், வீடு எல்லாம் கண்ணைக் கரிக்கும் என்று எப்போதும் முதல் வேலையாக அதை அணைத்துவிடுவாள். இப்போது சொடுக்கினாள். வெள்ளையாக இருந்த இடத்தில் ஒரு செவ்வகம் முளைத்தது. அவள் ரோட்டின் நடுக்கோடு அதன் முன்சுவரைப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. சிவராஜ் முதலில் போட்ட கைப்படத்தில் ரோடு தெற்கு ஓரமாகத்தான் போயிற்று. அதை நடுவுக்குக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் மனை போட்டு நான்கு மனை கூடுதலாக எடுத்துக் கொடுத்தது அவள். சிவராஜ் புரமோட்டர் எதிரிலேயே, "துர்காவாலதான் இது முடியும்" என்று சொன்னார். அன்றைக்கு முழுக்க அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

சிவராஜ் சாப்பிட்டுவிட்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அப்ரூவலுக்குப் போன ஃபைலில் கை வைப்பது என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

"அம்மா, ஃபைல் உள்ள பூடுச்சு. இனி நடுக்கோட்ட நவுத்துனா ரெண்டு பக்கமும் மனை எல்லாம் நவுரும். நாப்பத்தாறு மனைக்கும் கணக்கு மாறும். எங்க வேலை எல்லைக்குள்ள இருக்கறதுதான். வெளிய இருக்கறதுக்கு நாங்க பொறுப்பில்ல."

"அப்ப வெளிய இருக்கறவங்களுக்கு யாருதான் சார் பொறுப்பு?"

சிவராஜ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கம்மாள் நோட்டீஸைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று துர்காவை மட்டும் பார்த்து, "ஒம்போதடிம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் துர்காவின் புருஷன் குமரகுரு தறியில் உட்கார்ந்திருந்தான். அரக்குப் புடவை, பச்சைக் கரை, முந்தி நெருங்கிக்கொண்டிருந்தது. துர்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் தறிக்கட்டையை அடித்துக்கொண்டே கேட்டான்.

"பாவு ஏத்துன பொறவு வந்து கரைய மாத்துன்னா நான் மாத்துவனா? சிவராஜ் சொல்றதும் ஞாயந்தான?"

"புடவைய எதிர் ஊட்டு வாசல்லியா கொண்டுபோய் உடற நீ?"

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் கட்டையை நிறுத்தினான்.

"இன்னாடி இப்படி ஆயிட்ட? சரி, ஞாயித்துக்கெழமை ஒருவாட்டி போய்ப் பாத்துட்டுத்தான் வாயேன். பாக்காமயே போட்டதாலதான இவ்வளவும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. வாலாஜாபாத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, தென்னேரிக்கு முன்பே ஒரு புளியமரத்தடியில் இறங்கிக்கொண்டாள். இலந்தைத்தாங்கல் மொத்தமே அறுபது வீடு. கிழக்கே அவளுடைய பொன்மணி நகர் மொட்டைப் பொட்டலாகக் கிடந்தது. திரையில் பச்சையும் மஞ்சளுமாகப் பார்த்த இடம்தானா என்று இருந்தது அவளுக்கு. நடுக்கோட்டின் மேலேயே நடந்து வந்தாள். ஊர் ரோடு வந்தது. நிமிர்ந்தால் அங்கம்மாள் வீட்டு நடு வாசல், உள்ளே மாட்டியிருந்த காலண்டர் வரைக்கும் தெரிந்தது.

வாசலில் பந்தல் நிழலில் மல்லாட்டைச் செடி, அதாவது வேர்க்கடலை, மலைபோலக் குவிந்திருந்தது. காலையில் பிடுங்கி வந்தது, வேரில் ஈர மண் காயவில்லை. அங்கம்மாளும் சந்தியாவும் இன்னும் இரண்டு பெண்களும் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அங்கம்மாளின் புருஷன் முனிசாமி ஒரு ஓரமாகச் செடியை உதறி உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். துர்கா யார் என்று தெரிந்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அங்கம்மாளுக்கு அந்த வீம்பெல்லாம் இல்லை.

"வாம்மா, உக்காரு. ஏய் சந்தியா, கூழு கொண்டா. மோர் மொளகா எடுத்தா."

கேழ்வரகுக் கூழை மோர் விட்டுக் கரைத்துச் சொம்பில் கொடுத்தார்கள். வெயிலுக்கு அது தொண்டையில் இறங்கியது. குடித்துவிட்டுச் சும்மா உட்காரக் கூச்சமாக இருந்ததால் துர்காவும் ஒரு பிடி செடியை மடியில் போட்டுக் காய் ஆய ஆரம்பித்தாள். இரண்டு நிமிஷத்தில் நகக்கண் எரிந்தது.

"இப்படியே ஆஞ்சின்னா பொழுது பூடும்" என்றாள் சந்தியா. "தலகீழாப் புடிச்சு வழிச்சு உடுங்கக்கா."

சந்தியாவுக்கு இருபத்தாறு வயது. வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில்லில் பில் போடுகிறாள். அவளைத்தான் துர்கா டேப்பின் மறுமுனையைப் பிடிக்கச் சொன்னாள். வீட்டின் தெற்கு மூலையிலிருந்து வாசல் நடு வரைக்கும் பதினாலு அடி. வாசலுக்குத் தெற்கே சமையலறை. வடக்கே வெறும் சுவர், ஒரு ஜன்னல், அதைத் தாண்டி மாட்டுக்கொட்டகை.

"நவுத்துவீங்களாக்கா?"

"தெரியல. எங்க சார் முடியாதுன்றாரு."

சந்தியா டேப்பைச் சுற்றிக்கொண்டே குரலைத் தணித்தாள். "இதுக்கு முன்னாடி ரெண்டு எடம் தட்டிப்போச்சு. ஒண்ணு ஜாதகம். இன்னொண்ணு நான் வேலைக்குப் போறது புடிக்கலன்னாங்க. அதுங்க போனதுக்கு நான் ஒண்ணும் அழுவல. இவரு டெய்லி போன் பண்றாரு. மில்லுல இன்னா நடந்துச்சுன்னு கேப்பாரு, நான் சொல்றத முழுசாக் கேப்பாரு. எனக்கு அவரப் புடிச்சிருக்குதுக்கா. ஒரு ரோட்டுக்காக உட எனக்கு மனசு வரல."

துர்கா அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல் டேப்பை வாங்கிப் பையில் போட்டாள். கிளம்பும்போது அங்கம்மாள் ஒரு மஞ்சள் பை நிறையப் பச்சை மல்லாட்டை கட்டிக் கொடுத்தாள்.

அடுத்த பத்து நாளில் நகர் ஊரமைப்பு ஆபீசிலிருந்து இலந்தைத்தாங்கல் ஃபைல் திரும்பி வந்தது. ஒரே ஒரு குறிப்பு. மனை பிரித்த பிறகு வடக்கெல்லையில் மிஞ்சிய பத்தடி அகலத் துண்டை துர்கா பூங்காக் கணக்கில் சேர்த்திருந்தாள். இப்படி ஒட்டுத்துணி மாதிரி ஓரத்தில் கிடப்பதைப் பூங்காவாக ஏற்க முடியாது, தெற்கே இருக்கிற பூங்காவோடு ஒரே இடமாகச் சேர்த்துக் காட்டு என்று எழுதியிருந்தார்கள்.

சிவராஜ் கத்தினார். "பத்தடித் துண்டுல யாரு ஊஞ்சல் கட்டி ஆடறது? கொஞ்சமாவது யோசிச்சியா?"

துர்கா திட்டு வாங்கியது போலவே இல்லை. குறிப்பை இரண்டு தடவை படித்தாள். வடக்கே பத்தடி சும்மா கிடக்கிறது. எல்லாவற்றையும் வடக்கே ஒன்பதடி தள்ளினால் மிச்சம் தெற்கே போய்ப் பூங்காவோடு சேர்ந்துகொள்ளும். ரோடும் ஒன்பதடி தள்ளும். மூன்று கஜம்! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நடுக்கோட்டைப் பிடித்து நகர்த்துவது ஒரு நொடி வேலை. கோடு நகர்ந்ததும் ரோடு நகர்ந்தது, ரோட்டோடு மனைகள் எல்லாம் கூடவே நகர்ந்தன, ஒவ்வொன்றிலும் சதுர அடி தடதடவென்று மாறிற்று. அதற்குப் பிறகுதான் பிடித்தது சனியன். வடக்கெல்லை நேர்க்கோடு இல்லை. முப்பத்தொன்றாம் மனைக்குப் பின்னால் யாருடைய கொல்லையோ நாலடி உள்ளே துருத்திக்கொண்டிருந்தது. மனையின் சதுர அடி சொன்ன அளவுக்குக் கீழே குறையக்கூடாது என்று சாஃப்ட்வேரிடம் சொல்லியிருந்தாள். அதனால் அது முப்பத்தொன்றையும் முப்பத்திரண்டையும் ஒன்றாக்கிவிட்டு நாற்பத்தைந்து மனை என்று காட்டிற்று. ஒரு மனை போனால் சிவராஜ் கையெழுத்துப் போட மாட்டார். அவள் அந்த வரிசை முழுக்கத் தானாகப் பிரிப்பதை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பக்கக்கோடாகக் கையால் இழுத்தாள். இங்கே அரையடி, அங்கே முக்காலடி. மூன்று நாள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் நாற்பத்தாறு வந்தது. இந்தத் தடவை 'வெளி' லேயர் எரிந்துகொண்டே இருந்தது. நடுக்கோடு வாசலை விட்டு விலகி, ஜன்னல் பக்கமாகச் சுவரில் பட்டது. ஜன்னலுக்கு யாரும் தோஷம் பார்ப்பதில்லை.

சிவராஜ் மனையை மட்டும் எண்ணினார். "நாப்பத்தாறு இருக்குது. பூங்காவும் ஒண்ணாயிடுச்சு. ரோடு கொஞ்சம் தள்ளிக்கிச்சு போல?"

"ஆமா சார். குறிப்புக்காகத்தான்."

அவர் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இங்கேதான் அவள் ஒரு போன் போட்டிருக்க வேண்டும். அங்கம்மாள் நம்பர் இருந்தது. போடவில்லை. முடிவாகாமல் சொல்லி, அது நடக்காமல் போனால் அந்தப் பெண்ணின் முகத்தில் எப்படி விழிப்பது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது பாதி உண்மை. சீல் விழுந்த படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போய், அந்த வாசலில் விரித்து, "பாருங்கக்கா" என்று சொல்ல வேண்டும் என்கிற ஆசை மீதிப் பாதி. நல்லது செய்கிறவர்களுக்கு இந்த அற்ப ஆசை ஒன்று இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

ஆனி மாதம் அப்ரூவல் வந்தது. கல்லை மாற்றி நட ஞாயிற்றுக்கிழமை ஆள் போகிறது என்று தெரிந்துகொண்டு, துர்கா பெரிய தாளில் படத்தைப் பிரிண்ட் போட்டுச் சுருட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பினாள்.

புளியமரத்தடியில் இறங்கியபோதே அங்கம்மாள் வீட்டுப் பக்கம் ஸ்பீக்கர் பாட்டுக் கேட்டது. ஊர் ரோட்டில் திரும்பினாள். வீட்டுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தது. மாவிலைத் தோரணம், வாழை மரம், புத்தம் புதுசாக மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த நிலைப்படி. நிலைப்படி ஜன்னல் இருந்த இடத்தில் இருந்தது.

பழைய வாசலை அடைத்துப் பூசியிருந்தார்கள். பூச்சு இன்னும் முழுக்க வெளுக்கவில்லை, ஆள் உயரத்துக்குச் சாம்பலாகத் தெரிந்தது.

"யம்மா, வா வா வா!" பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக அங்கம்மாள் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு போன் பண்ணணும்னுதான் இருந்தேன், வேலையில மறந்தே பூட்டேன். நல்ல நாளாப் பாத்து வந்துக்கிற. இன்னிக்கிப் பூ வெக்க வராங்க! உன் சாரு முடியாதுன்னுட்டாரா, இவரு ஒரு நாளு சாப்புட்டுக்கினே இருந்தவரு, ரோடு நவுராட்டிப் போவுது, வாசல நவுத்தறேன்னு எழுந்திரிச்சாரு. தெக்கால அடுப்பு இருக்குது, தொடக்கூடாது. வடக்கால மூணு கஜத்துல ஜன்னல். அத்த இடிச்சு வாசலாக்கிட்டோம். தில்லையம்மா வந்து பாத்துட்டுப் போய் மறுநாளே நாள் குறிச்சிட்டாங்க. இன்னாம்மா, இன்னாத்துக்கு இப்படி நிக்கற?"

துர்காவின் கையில் படம் சுருண்டபடியே இருந்தது.

"அக்கா. நான் கோட்ட நவுத்திட்டேன்."

"இன்னா?"

"ரோட்ட நவுத்திட்டேன். அப்ரூவல் ஆயிடுச்சு."

"எந்தப் பக்கம்?"

"வடக்கால. மூணு கஜம்."

அங்கம்மாள் அவள் தோளுக்கு மேலே கிழக்கே பார்த்தாள். பொட்டலில் நான்கு ஆட்கள் பழைய கல்லைப் பிடுங்கிக் கொண்டுவந்து புதுக்குழியில் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் பக்கெட்டிலிருந்து சுண்ணாம்புத் தூளைத் தூவிக்கொண்டே வந்தான். கோடு ஊர் ரோட்டுக்கு இன்னும் ஐம்பதடியில் இருந்தது, நேராகப் புது நிலைப்படியைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

முனிசாமி ஏற்கெனவே ரோட்டோரம் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். புது வேட்டியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள் அங்கம்மாள். கோபம்கூட வரவில்லை அவளுக்கு. "ஒரே வார்த்தை."

"வாசல இடிக்கப் போறோம்னு நீங்களும் சொல்லலையேக்கா."

"எங்க ஊட்டு வாசல இடிக்கறதுக்கு உன்னக் கேக்கணுமா?"

துர்காவுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்தில் கண் கரித்துக்கொண்டு வந்தது.

"திருப்பி நவுத்த முடியாதா?"

"சீல் விழுந்திடுச்சுக்கா."

"எப்பா!" அங்கம்மாள் பொட்டலைப் பார்த்துக் கையை வீசினாள். "எப்பா, இன்னிக்கி ஒரு நாளு உட்டுடுங்கப்பா! நாளிக்கி நட்டுக்குங்க! அந்தக் கோட்ட அழிங்கப்பா!"

ஆட்கள் நிமிர்ந்து துர்காவைப் பார்த்தார்கள். ஆபீஸ் மேடம் என்று அவர்களுக்குத் தெரியும்.

"நிறுத்துங்க" என்றாள் துர்கா. "நான் சொல்ற வரைக்கும் கல்லு நடாதீங்க." சிவராஜுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் அவள் நினைக்கவே இல்லை.

முனிசாமி எழுந்து கொட்டகைக்குள் போனான். கடப்பாரையோடு வந்தான். நேராகப் பழைய வாசல் இருந்த இடத்துக்குப் போய் ஓங்கி ஒரு போடு போட்டான். சாம்பல் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பந்தலில் வாயகன்ற பாத்திரத்தில் இருந்த கேசரி மேல் தூசி படிந்தது. சொந்தக்காரப் பெண்கள் கத்தினார்கள். யாரோ ஸ்பீக்கரை நிறுத்தினார்கள்.

"இன்னாப்பா பண்ற?"

சந்தியா புது வாசலில் வந்து நின்றாள். பாதி ஜடைக்கு மட்டும் பூ சுற்றியிருந்தது, மீதிப் பூச்சரம் கையில். அப்பாவைப் பார்த்தாள், கடப்பாரையைப் பார்த்தாள், கடைசியில் கிழக்கே பார்த்தாள். யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வண்டி எங்க வருதாம்மா?"

"வாலாஜாபாத் தாண்டிட்டாங்களாம். இன்னும் கால் மணி நேரம். நீ உள்ள போடி, நாங்க பாத்துக்கறோம். இந்தக் கோட்ட மட்டும் மறச்சிட்டா..."

"எத்தினி நாளிக்கிமா மறைப்ப?"

அவள் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். இரண்டாவது மணியிலேயே குரு எடுத்தான். வேனுக்குள் பெண்கள் பேச்சும் சிரிப்பும் கேட்டன.

"சொல்லு சந்தியா. வந்துக்கினே இருக்கறோம்."

"ரோட்ட நவுத்திட்டாங்க. இப்ப புது வாசலுக்கு நேரா வருது. நடுக்கோடு நடு வாசல்ல."

"ஏய், வெளாடாத."

"வெளாடல. சீல் வெச்சிட்டாங்க, இனிமே மாறாது. நீங்க வந்து எறங்குன பொறவு தெரியறதவிட இப்பவே தெரியட்டும்னு சொல்றேன். உங்களுக்குச் சம்மதமா?"

வேன் ஜன்னலை இழுத்து மூடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா பக்கத்துலதான் இருக்கறாங்க. அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன் இரு."

"அம்மாவுக்குச் சம்மதமான்னு நான் கேக்கல. உங்களுக்கு."

"அது... நான் மட்டும் எப்படி சந்தியா..."

அதற்குள் போன் கை மாறிற்று. பெரிய குரலாக ஒன்று, தில்லையம்மாளாகத்தான் இருக்க வேண்டும், போனுக்குச் சொல்லவில்லை, டிரைவருக்குச் சொன்னது. "தம்பி, வண்டிய ஓரங்கட்டு."

அதோடு இணைப்பு போயிற்று.

அங்கம்மாள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டாள். முனிசாமி கடப்பாரையைப் பிடித்தபடி மகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பந்தலில் இருந்த ஒருவரும் நகரவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று, அரை மணி நேரம் ஆயிற்று. தென்னேரி பஸ் ஒன்று ஊர் ரோட்டில் வந்து யாரையும் இறக்காமல் போயிற்று. வேன் வரவில்லை. போனும் வரவில்லை.

சந்தியா நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் அழுதாள். மறைத்துக்கொள்ளாமல், சத்தம் போடாமல் அழுதாள். துர்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள், சந்தியா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"நீங்க நவுத்தலன்னா எனக்கு இது எப்பக்கா தெரிஞ்சிருக்கும்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். அப்பாவிடம் போய்க் கடப்பாரையை வாங்கிச் சுவரில் சாத்தினாள். "ஊடு போதும்பா. ஒண்ணுதான் இருக்குது நமக்கு."

பொட்டலில் வெயில் ஏறிவிட்டது. நான்கு ஆட்களும் நிழல் இல்லாமல் அந்தக் கல் குவியல் மேலேயே உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்கள்? ஒருவன் எழுந்து ஊர் ரோடு வரைக்கும் வந்தான். தயங்கி நின்று கேட்டான்.

"மேடம், கல்லு நடலாமா? மத்தியானத்துக்குள்ள முடிக்கச் சொல்லிக்கிறாரு சாரு."

துர்கா அங்கம்மாளைப் பார்த்தாள். அங்கம்மாள் மகளைப் பார்த்தாள்.

சந்தியா ஜடையில் பாதி சுற்றியிருந்த பூவை அவிழ்த்து அம்மா கையில் கொடுத்தாள்.

"நட்டுருங்கண்ணா" என்றாள். "நல்லா ஆழமா நட்டுருங்க."